மைனிக்குக் காது மந்தம்

பதினேழாம் கட்டிலில் களக்காட்டுக்காரர்.
"மகன் வந்துட்டானா சிஸ்டர்?"
இன்னும் இல்லய்யா, வந்துருவாங்க.
பாட்டில் மாற்றப் போகையில் ஒரு தரம்,
நாடி பார்க்கையில் ஒரு தரம்,
விடிய நாலு மணிக்கு, விளக்கணைத்த வார்டில்
என் செருப்புச் சத்தத்திடம் ஒரு தரம்.
பதினோரு முறை கேட்டார்.
பதினோரு முறையும்
முதல்முறை கேட்டதுபோலவே பதில் சொன்னேன்,
அவர் கையைப் பிடித்துக்கொண்டு.

ஐகிரவுண்டில் சொல்வார்கள்,
ரூபாவதி சிஸ்டருக்குத் தங்கமான வாய் என்று.

அந்த வாயைச்
சமாதானபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்குகையில்
எங்கோ கழற்றி வைத்துவிடுகிறேன்.

"ஏட்டி, பஸ்ல கூட்டமா?"
ஜெபக்கனி மைனி. என் வீட்டுக்காரருக்கு மூத்தவள்.
நாசரேத்தில் போர்டிங் பிள்ளைகளுக்கு
முப்பது வருஷம் குழம்பு வைத்தவள்.
அண்டாக்களின் இரைச்சல்
காதைத் தின்றுவிட்டது என்பாள்.

கூட்டந்தான் மைனி.
"என்னது?"
கூட்டம்.
"குத்தமா? யாரு மேல குத்தம்?"

டம்ளரை மேடையில் அறைந்து
கூட்டம் கூட்டம் கூட்டம் என்று கத்தினேன்.
முருங்கையிலிருந்து காக்கை பறந்தது.
எதிர்வீட்டு நாய் எழுந்து நின்று
என்னைப் பார்த்தது.

லெந்து தொடங்கி மீன் வாங்கவில்லை,
காப்பி குடிக்கவில்லை.
உலை வைக்கும் முன் தினமும்
கோயிலுக்கென்று கைப்பிடி அரிசி
டப்பாவில் போட்டேன்.
மைனிதான் நினைவுபடுத்துவாள்,
"சாமி பங்கு போட்டியா?"
போட்டாச்சு, என்பேன், திரும்பாமல்.
அவள் பங்கு என்று ஒன்று
இருப்பது தோன்றவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை
பாதி நாள் லீவு கிடைத்தது.
வாசலில் எட்டுப் பத்து ஜோடிச் செருப்பு.
பெண்கள் ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டு முறை,
மறந்தே போனேன்.
உள்ளே மைனியின் குரல்,
காது கேளாதவர்கள் பேசுவதுபோல் தெருவுக்கே கேட்க:

"எங்க ரூபாவதி கணக்கா யாருக்கு வரும்?
ராத்திரி பூரா நின்னுட்டு வந்தாலும்
எனக்குக் கேக்கணும்னுட்டு
தொண்டத் தண்ணி வத்தச் சத்தமாப் பேசுவா.
மத்தவுகல்லாம்
செவிட்டுப் பொம்பளகிட்ட என்ன பேச்சுன்னு
பேச்சையே விட்டுருவாவ.
இவ விடமாட்டா."

யாரும் ஆமென் சொல்லவில்லை.
ஐயரம்மா பாயின் கோரையை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.
பக்கத்து வீட்டு லில்லி புஷ்பம்
முந்தானையால் வாயைத் துடைத்தாள்,
ஒன்றும் தின்னாமலே.
அவர்களுக்குத் தெரியும்.
எங்கள் சுவர் அரைச்செங்கல் சுவர்.

டிபன் பையோடு நின்றேன்.
மைனி வாசல் பக்கம் பார்க்கவில்லை.
பார்த்துவிட்டுத்தான்
திரும்பிக்கொண்டாளோ என்னவோ.
தெரிந்து சொன்னாளா,
தெரியாமலே சொன்னாளா?
இன்றுவரை கேட்கவில்லை.
கேட்டாலும்
மூன்று முறை கேட்க வேண்டியிருக்கும்.

உடனே திருந்திவிட்டேன் என்று எழுத ஆசை.
வியாழக்கிழமையே கத்தினேன், உப்பு டப்பாவுக்காக.
கத்தின பிறகு
அவள் முகத்தைப் பார்த்தேன்.
அது மட்டும் புதிது.
உதடு படிக்க என் வாயையே
பார்த்துக்கொண்டிருந்தாள்,
பதினேழாம் கட்டில்காரர்
வார்டு வாசலைப் பார்ப்பதுபோல.

சனிக்கிழமை காலை.
"ஏட்டி, பஸ்ல கூட்டமா?"
பையை வைத்துவிட்டு
அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.
முறத்தில் அரிசி. கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.
கூட்டந்தான் மைனி.
"என்ன?"
கூட்டம்.
"குத்தமா?"

ஆமா மைனி, என்றேன்.
"யாரு மேல?"
என் மேலதான்.

நெற்றியைச் சுருக்கினாள்.
ஒரு கல்லை விரலிடுக்கில் பிடித்தபடி
என்னை நெடுநேரம் பார்த்தாள்.

"மேலப்பாளையமா?
அத ஏன் சுத்தி வந்த?
அதான் கூட்டம்" என்றாள்.
கல்லை முற்றத்தில் எறிந்தாள்.